ஒரு பாட்டுக்கு மூன்று கெடு

பழைய எச்.எம்.வி. இசைத்தட்டு ஒன்று கையில் இருந்தால், நடுவில் ஒட்டிய லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நாய் படம், சினிமாப் பெயர், பாடகர் பெயர் எல்லாவற்றுக்கும் வெளியே, விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஆங்கில வாசகம் ஒன்று ஓடும். தயாரித்தவரின் உரிமையும், பதிவான படைப்புக்குச் சொந்தக்காரரின் உரிமையும் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் பொது இடத்தில் போடவோ ஒலிபரப்பவோ நகலெடுக்கவோ கூடாது என்பது அதன் சாரம். படித்து முடிக்கத் தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். யார் சுற்றினார்கள்? கல்யாண வீட்டு மைக்செட்காரர் காலை ஐந்து மணிக்கே அந்தத் தட்டைப் போட்டு ஊரை எழுப்பினார். எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர்காரர் அதையே கேசட்டில் ஏற்றி விற்றார். கோடு போட்ட தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால் மூன்று நாளில் கிடைக்கும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும்.

சட்டப்படி பார்த்தால் அதெல்லாம் மீறல்தான். ஆனால் அந்தக் கேசட் நம் தெருவைத் தாண்டிப் போனதில்லை, அதனால் தட்டு போட்ட நிறுவனத்துக்கு அது தெரியப்போவதும் இல்லை. அதே தட்டை இன்றைக்கு யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. ஏற்றி முடிப்பதற்குள்ளேயே ஒரு இயந்திரம் அதைக் கேட்டு முடித்திருக்கும்.

தட்டு சேகரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. "காசு கொடுத்து வாங்கினேன், என் தட்டு, என் முள், என் பிளேயர். நான் ஏற்றினால் யாருக்கு என்ன?" தட்டு அவருடையதுதான், சந்தேகமில்லை. விற்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், சுவரில் ஆணியடித்து மாட்டலாம். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் அதற்கெல்லாம் குறுக்கே நிற்காது. சொந்தமாகக் கேட்பதற்கு அதைக் கணினியில் ஏற்றி வைத்துக்கொள்வதும் 52-ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கோப்பைப் பொதுமக்கள் கேட்கும்படி வெளியிடுவது வேறு செயல். அந்த உரிமையைச் சட்டம் தட்டோடு சேர்த்து விற்கவில்லை, ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடமே விட்டுவைத்திருக்கிறது.

அது மட்டும் என்றால் விஷயம் சுலபம். ஒரு பாட்டுக்குள் ஒரு சொத்து இல்லை, மூன்று இருக்கின்றன: பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் காலக்கெடு தனித்தனி. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம்.

ஒரு தட்டை வைத்தே கணக்குப் போடலாம். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தின் ஈபி, அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்னத் தட்டு, என் அலமாரியில் இருக்கிறது. ஏழு அங்குலம், உறையின் ஓரம் செல்லரித்தது. அதில் உள்ள 'அனுபவம் புதுமை' பாட்டை எடுத்துக்கொள்வோம். தட்டும் படத்தோடு 1964-ல் வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒலிப்பதிவின் உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் இந்தியச் சட்டப்படி அந்தப் பதிவுக்குத் தனி முதலாளி கிடையாது. நல்லது என்று ஏற்றிவிடலாமா? பொறுங்கள். வரி எழுதிய கண்ணதாசன் 1981 அக்டோபரில் இறந்தார். அவர் வரிக்கு 2041 முடியும்வரை உயிர் இருக்கிறது. இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. இரண்டு பேர் சேர்ந்து செய்த படைப்புக்குக் கடைசியாக இறந்தவரின் வருடம்தான் கணக்கு. ராமமூர்த்தி 2013-ல் போனார், எம்.எஸ்.வி. 2015-ல். ஆக மெட்டுக்கு 2075 முடியும்வரை காவல். பாட்டு முழுசாக வெளியே வருவது 2076 பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால். இந்த ஈபியை ஏற்ற ஆசைப்படுபவர் பேரனிடம் சொல்லிவைக்கலாம்.

இப்போது இன்னொரு தட்டு. 1957-ல் வந்த 'சக்கரவர்த்தித் திருமகள்', சீர்காழி கோவிந்தராஜன் குரலில் 'பொறக்கும்போது' பாட்டு. ஒலிப்பதிவின் கெடு 2017-ல் முடிந்தது. இசையமைத்த ஜி. ராமநாதன் 1963-ல் காலமானார், அவருடைய கெடு 2023-ல் முடிந்தது. எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகாமல். அவர் பாடல்களை அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. மூன்றும் ஓய்ந்துவிட்டன. இந்தியாவுக்குள் இந்தப் பாட்டு யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

வருடக் கணக்கில் ஏழே வருட வித்தியாசம் உள்ள இரண்டு தட்டுகள். ஒன்றை இப்போதே ஏற்றலாம், மற்றதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். லேபிளைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது என்பதுதான் கொடுமை. எழுபதுகளுக்குப் பிந்தைய தட்டுகளில் வட்டத்துக்குள் ஒரு 'பி' எழுத்தும் பக்கத்தில் வருடமும் போட்டிருப்பார்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் வருடமே இருக்காது. சினிமாப் பாட்டு என்றால் படம் வந்த தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிப் பாடல், கச்சேரித் தட்டு என்றால் கம்பெனியின் பழைய பட்டியலைத் தேட வேண்டும், இல்லையென்றால் பாட்டு முடிந்து முள் சும்மா ஓடும் அந்த வழுவழுப்பான பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது கம்பெனி அந்தப் பதிவுக்குக் கொடுத்த அடையாள எண்ணை, வைத்து ஊகிக்க வேண்டும். எழுபதுகளில் வந்த 'பொன்னான பழைய பாடல்கள்' மாதிரி தொகுப்பு எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) ஒன்றைப் பார்த்து ஏமாறவும் கூடாது. மறுபதிப்பு போட்டதால் பாட்டின் வயது குறைவதில்லை, முதல் வெளியீட்டிலிருந்துதான் கணக்கு.

இந்த 60 வருடமும் முதலில் 50-ஆகத்தான் இருந்தது. தாகூர் இறந்தது 1941-ல். 1991-ஓடு அவர் எழுத்தின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போகவிருந்தது. அந்தச் சமயத்தில் பத்து வருடத்தை நீட்டிக் கொடுத்தார்கள். வங்கக் கவிஞர் ஒருவருக்காக நீட்டியதில் நம் ஊர் நாதஸ்வரத் தட்டுக்கும் பத்து வருடம் கூடிவிட்டது.

பாரதியார் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து வியாபாரி ஒருவரிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். மேடையில் பாரதி பாட்டு பாடுவதற்கே தகராறு வந்த காலம் அது. 1949-ல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டபோது மெய்யப்பன் பணம் வாங்காமலே தன் பங்கைக் கொடுத்துவிட்டார். இதை வைத்துப் பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பாரதி பாட்டுதானே, தியாகராஜர் கிருதிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று எழுபதுகளின் எல்பியை ஏற்றிவிடுகிறார்கள். வரி பொதுச்சொத்து, சரி. அதை ஒருவர் ஸ்டூடியோவில் பாடி, ஒரு கம்பெனி பதிவு செய்த அந்த ஒலி பொதுச்சொத்து இல்லை. 1975-ல் வெளியான கர்நாடக இசை எல்பிக்கு 2035 முடியும்வரை சொந்தக்காரர் உண்டு.

சொந்தக்காரர் யார் என்பதும் பெரிய வழக்கு. 1977-ல் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதியதும் மெட்டமைத்ததும் தயாரிப்பாளருக்கே என்று சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் அதைத் தட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். 2012-ல்தான் சட்டத்தைத் திருத்தி, ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாகப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்தார்கள். எச்.எம்.வி. தட்டுகளை நம் ஊரில் வெளியிட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாதான் இன்றைய சரிகம. 2000-ல் பெயரை மாற்றிக்கொண்டது. எக்கோ என்ற தட்டுக் கம்பெனி வெளியிட்ட பாடல்களைப் பற்றி இளையராஜா நீதிமன்றம் போனதும் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் எல்லோரும் படித்த செய்திதான். மேதையும் கம்பெனியும் வருடக்கணக்காக வழக்காடும் சொத்தை, 'சும்மா ரசிகர்களுக்காக' என்று நாம் ஏற்றிவிட்டு ஆச்சரியப்படுகிறோம்.

இயந்திரத்துக்கு வருவோம். கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டை யூடியூப் 2007-ல் கொண்டுவந்தது. உரிமை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் பாடல்களின் கோப்புகளைக் கொடுத்து வைக்கும். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கைரேகை மாதிரி ஓர் ஒலி ரேகை எடுத்துச் சேமிக்கப்படும். நாம் ஏற்றும் எதையும் அந்தக் குவியலோடு ஒப்பிடுவார்கள். தட்டில் கீறல் இருக்கிறது, பொரிகிறது, பின்னணியில் மின்விசிறி சத்தம் கேட்கிறது என்றெல்லாம் அது ஏமாறாது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, சுருதியை அரைக்கட்டை ஏற்றி ஏமாற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுசீலாவின் குரலைக் குழந்தைக் குரலாக்கிப் பதிவேற்றுவதற்கு அதைப் பதிவேற்றாமலே இருக்கலாம். தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பாட்டைக் கொல்கிற வேலை அது.

பொருத்தம் கண்டுபிடித்ததும் மூன்றில் ஒன்று நடக்கும். வீடியோவை முடக்கலாம், சில நாடுகளில் மட்டுமாவது. விளம்பரம் போட்டு அந்தப் பணத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். பழைய தமிழ்ப் பாட்டு வீடியோக்கள் இத்தனை இணையத்தில் கிடக்கின்றனவே என்று நினைப்பவர்களுக்கு விடை இரண்டாவதில் இருக்கிறது. ஏற்றியவர் உழைப்பு, கம்பெனிக்கு வருமானம். தட்டைக் கழுவித் துடைத்து, முள் மாற்றி, ஹம் சத்தம் நீக்கி ஏற்றியவருக்குக் கிடைப்பது கருத்துப் பெட்டியில் "அருமை ஐயா" மட்டும். இது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். சொத்து அவர்களுடையது, வீடியோவும் நிற்கிறது, கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளெய்ம் என்பது இயந்திரம் போடும் உரிமைகோரல். சேனலுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி எழுதிக்கொடுத்து வீடியோவை எடுக்க வைப்பது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும், அதோடு இத்தனை வருடம் ஏற்றிய எல்லாம் போகும். இந்தியச் சட்டத்திலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை எடுக்க வேண்டும்; 21 நாளுக்குள் அவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போடலாம்.

வீடியோவின் கீழே 'பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை, எல்லாப் புகழும் உரியவர்களுக்கே' என்று எழுதுகிறார்களே, அது எதற்கும் உதவாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன், அதனால் நான் திருடன் இல்லை என்று சொல்வது மாதிரி. பணம் சம்பாதிக்கவில்லை என்பதும் சட்டத்தின் முன் முழு விடை இல்லை. விமர்சனத்துக்காகச் சிறு பகுதியைப் போட்டுக்காட்டுவதற்கு இடம் உண்டு. இரண்டு பக்கத்தையும் முழுசாக ஓடவிட்டு நடுவில் 'ஆஹா' என்று சொல்வது விமர்சனம் ஆகாது. இன்னொன்றை யாரும் யோசிப்பதே இல்லை: உறைப் படம். அந்த ஓவியமும் புகைப்படமும் தனிப் படைப்புகள், தனிக் கெடு உள்ளவை. அதற்காக யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நாடு மாறினால் கணக்கும் மாறும். ஒலிப்பதிவுக்கு இலங்கைச் சட்டம் கொடுப்பது 50 வருடம். ஐரோப்பிய ஒன்றியம் 50-ஆக இருந்ததை 2011-ல் 70 ஆக்கியது. அமெரிக்கா 2018-ல் ஒரு சட்டம் போட்டு, 1957-லிருந்து 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. யூடியூப் அமெரிக்க நிறுவனம். மதுரையில் உட்கார்ந்து இந்தியக் கணக்குப்படி சுத்தமான தட்டை ஏற்றினாலும், டெக்சாஸில் இருக்கும் தமிழர் கேட்கும்போது அது வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறது. இந்தச் சிக்கலின் பெரிய உருவத்தை இன்டர்நெட் ஆர்க்கைவ் பார்த்தது. 78 சுழற்சி அரக்குத் தட்டுகளை லட்சக்கணக்கில் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்த அந்த நூலகத்தின் மேல் 2023 ஆகஸ்டில் சோனி, யுனிவர்சல் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025-ல் சமரசத்தில் முடிந்தது.

கம்பெனிகள் தங்கள் சொத்தைக் காப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 'காதலிக்க நேரமில்லை' எங்கும் போகாது. சரிகம விற்கும் கேரவான் பாட்டுப் பெட்டியில் இருக்கும், செயலிகளில் இருக்கும், யாரும் தட்டிலிருந்து ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. எனக்குக் கவலை, யாரும் தேடி வராத தட்டுகளைப் பற்றித்தான். கோவில் திருவிழாவில் போட்ட பக்திப் பாட்டு, தேர்தல் பிரச்சாரப் பாட்டு, நகைச்சுவை நாடகத் துண்டு, இரண்டே தட்டு போட்டுவிட்டு மூடிய கம்பெனியின் நாட்டுப்புறப் பாட்டு. 1980-ல் வந்த அப்படியொரு தட்டு சட்டப்படி 2040 முடியும்வரை பூட்டில் இருக்கிறது. பூட்டுக்குச் சாவி வைத்திருந்தவர் யாரென்று தெரியாது. ஏற்றினால் மீறல், ஏற்றாவிட்டால் அது பரணில் வளைந்து போகும்.

சட்டத்தில் இதற்கு ஒரு சந்து இருக்கிறது. 31ஏ பிரிவு. படைத்தவர் இறந்துவிட்டாலோ, உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டாலோ, ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பிறகு மேலே விண்ணப்பித்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டி உரிமம் வாங்கலாம். நூறு ரூபாய்க்குப் பழைய கடையில் வாங்கிய தட்டுக்கு ஆங்கில நாளிதழில் விளம்பரம்! பிரிவை எழுதியவர்கள் மனதில் பெரிய பதிப்பகம் இருந்திருக்கும், பழைய கடையில் மண்டியிட்டுத் தட்டு பொறுக்குகிறவன் இருந்திருக்க மாட்டான்.

கெடு முடிந்த தட்டை மட்டும் ஏற்றுவது என்று நான் முடிவெடுத்துச் சில வருடம் ஆகிறது. அதிலும் நிம்மதி இல்லை. ஐம்பதுகளின் 78 தட்டு ஒன்று, நாதஸ்வரத்தில் தோடி ஆலாபனை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆலாபனைக்குப் பாடலாசிரியர் கிடையாது, மெட்டுப் போட்டவர் கிடையாது, வாசித்தவரும் மறைந்து பல காலம். ஏற்றிய பத்தாவது நிமிடம் கிளெய்ம் வந்தது. கோரியது, எங்கெங்கோ இருந்து பழைய ஒலியைத் திரட்டி டிஜிட்டலில் விற்கும் ஒரு நிறுவனம். ஆல்பத்தின் பெயர் 'கல்யாண மங்கள இசை' மாதிரி ஏதோ ஒன்று. யாரோ ஏற்றிய இதே தட்டை எடுத்துத் தன் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த ஆல்பத்திலும் இரண்டாவது நிமிடத்தில் அதே மாதிரி ஒரு 'டொக்' கேட்டது. தப்பாகக் கோருகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் உடனடித் தண்டனை என்று எதுவும் கண்ணில் படவில்லை. தப்பாக மறுத்தால் ஸ்டிரைக் விழலாம் என்ற பயம் ஏற்றியவருக்குத்தான்.

ஆட்சேபம் எழுதினேன். லேபிளின் படம், மேட்ரிக்ஸ் எண், வருடக் கணக்கு, ஒலிப்பதிவின் கெடுவைச் சொல்லும் 27-ஆம் பிரிவு எல்லாவற்றையும் சேர்த்து. அவர்களுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். பதிலே வரவில்லை, முப்பதாம் நாள் கிளெய்ம் தானாக விலகியது. ஒரு மாதம் போயிருக்கும், தட்டின் மறுபக்கத்தை ஏற்றினேன். இந்த முறை வேறொரு நிறுவனம்.